நெகட்டிவ் குரூப் பெண்ணைக் கட்டினால் குழந்தை தங்காதா?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 4

தங்கைக்கு ஓ நெகட்டிவ். வந்திருக்கிற வரன் ஏ பாசிட்டிவ். ஜாதகம் பார்த்து, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, நிச்சயத்துக்கு நாள் குறிக்கிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "நெகட்டிவ் பெண் வேண்டாம், முதல் பிள்ளை தங்கினாலும் இரண்டாவது தங்காது" என்று சொல்லிவிட்டாராம். எங்கள் சித்தப்பாவோ, ஒரே குரூப் உள்ளவர்கள்தான் கட்டக்கூடாது, வேறு வேறு குரூப் என்றால் நல்லது என்கிறார். எது உண்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

தம்பி, நான் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். குரூப்பிங், கிராஸ் மேட்ச், கூம்ஸ் டெஸ்ட் என்றே என் காலம் போனது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளிலிருந்து இந்தக் கேள்வியோடு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கேட்காமலே பெண்ணை ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு. அதுதான் இன்னும் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

சித்தப்பா சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குரூப் என்றால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் கிடையாது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சொன்னதை 1968-க்கு முன்னால் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். பாசிட்டிவ் என்றால் சிவப்பணுவின் மேல் டி என்றொரு புரதம் இருக்கிறது, நெகட்டிவ் என்றால் அது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். உடம்பில் எந்தக் குறையும் கிடையாது. அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் உடம்புக்குள் போய்விடும். அந்த டி-யை அவள் உடம்பு அதுவரை பார்த்ததே இல்லை. வெளியாள் என்று நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். அது தயாராவதற்குள் முதல் குழந்தை வெளியே வந்து பால் குடித்துக்கொண்டிருக்கும். அடுத்ததும் பாசிட்டிவாக உண்டானால்தான் சிக்கல். ஏற்கெனவே தயாராக இருக்கும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்க ஆரம்பிக்கும். வயிற்றிலேயே ரத்தசோகை வரும். முற்றினால் உடம்பெல்லாம் நீர் கோத்துக் குழந்தை இறந்தே பிறக்கும். உயிரோடு பிறந்தாலும் பிறந்த அன்றே மஞ்சள் ஏறும். "இரண்டாவது தங்காது" என்ற பேச்சு வந்த வழி இதுதான்.

இதற்கு ஊசி வந்துவிட்டது. பெயர் ஆன்டி-டி. பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் போட்டால், அம்மாவின் உடம்பு விழித்துக்கொள்வதற்கு முன்பே குழந்தையின் செல்களை அது அப்புறப்படுத்திவிடும். ஊசியே போடாத காலத்தில் இப்படிப்பட்ட தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு ஆன்டிபாடி உருவானது. பிரசவத்துக்குப் பின் ஊசி போட்டதில் அது 1 அல்லது 2 ஆனது. ஏழாம் மாதத்தில், அதாவது 28-வது வாரத்தில், ஒரு ஊசி சேர்த்துப் போட்டால் ஆயிரத்தில் ஒருவர் இருவர் என்கிற அளவுக்கு இறங்கிவிடும்.

அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். நாள் குறியுங்கள்.

ஜூன் 5

சித்தப்பாவுக்காக ஒரு பழைய கதை. 1939-ல் நியூயார்க்கில் லெவின், ஸ்டெட்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ரத்தப்போக்கு அதிகம் என்று ரத்தம் ஏற்றினார்கள், கணவனுடைய ரத்தத்தை. அவளும் ஓ, அவனும் ஓ. ஒரே குரூப். ஏற்றியதும் குளிர் நடுக்கம், உடம்பு வலி என்று ஒவ்வாமல் போய்விட்டது. ஓ-வுக்கு ஓ ஏன் ஒவ்வவில்லை? செத்துப் பிறந்த குழந்தையிடம், அப்பாவிடமிருந்து வந்த ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, அதற்கு எதிராக இவள் உடம்பு ஆன்டிபாடி தயாரித்துவிட்டது, அதுதான் கணவனின் ரத்தத்தையும் தாக்கியது என்று கணித்தார்கள். அடுத்த ஆண்டு லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ஆர்ஹெச் பற்றி, அதாவது நாம் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்கிற பிரிவைப் பற்றி எழுதினார்கள். 1941-ல் லெவின் குழுவினர் இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஒரே ஓ குரூப்பாக இருந்தது காரணமில்லை, ஆர்ஹெச்தான் காரணம் என்று காட்டினார்கள்.

அதுவரை உலகம் முழுக்க இப்படி அடுத்தடுத்துக் குழந்தையைப் பறிகொடுத்த பெண்களுக்குக் காரணம் சொல்ல ஆளில்லை. நம் ஊரில் அவளை ராசியில்லாதவள் என்றார்கள், தோஷம் கழித்தார்கள், கணவனுக்கு இரண்டாம் தாரம் பார்த்தார்கள். முதல் பிள்ளை நன்றாக இருக்கும், பிறகு வரிசையாகப் போகும். என் பாட்டி காலத்துப் பெண்களில் எத்தனை பேருடைய கதை இதுவாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் மனைவிக்குக் கணவன் ரத்தத்தை ஏற்ற வேண்டாம். "எனக்கும் அதே குரூப், என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாசம் புரிகிறது. ஆனால் குழந்தை பாதியாக வாங்கிக்கொள்ளப்போவது இவர் அணுக்களின் குணத்தைத்தான். இவர் ரத்தத்தை ஏற்றி, மனைவியின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்துவிட்டால் நாளைக்குக் குழந்தைக்கு வினை. சிவப்பணுவின் மேல் டி மட்டும் இல்லை, கெல், சின்ன சி என்று வேறு பல அடையாளங்களும் உண்டு. கொடுக்கிற ரத்தத்தை வேறொரு நோயாளிக்குக் கொடுங்கள்.

ஜூன் 5, மாலை

முக்கியமான ஒன்று விட்டுப்போனது. நெகட்டிவ் பெண் குழந்தைக்கு ஏதாவது அவசரத்தில் பாசிட்டிவ் ரத்தம் ஏற்றியிருந்தால், அதைப் பெற்றோர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இருபது வருடம் கழித்து முதல் கர்ப்பத்திலேயே அது தலைகாட்டலாம்.

ஜூன் 8

"பிரசவத்துக்கு மட்டும்தானே ஊசி?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன.

கரு கலைந்தால், குழாயில் கரு தங்கினால், வயிற்றில் அடிபட்டால், கர்ப்பத்தில் ரத்தம் பட்டால், பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதித்தால், இவை எல்லாவற்றிலும் ரத்தம் கலக்க வழி உண்டு.

என் மதினிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் மனைவி, ஏ நெகட்டிவ். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் உச்சியில் "ஏ நெகட்டிவ்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்தச் சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தேன். இரும்புச்சத்து மாத்திரை உண்டு, வலி மாத்திரை உண்டு, ஊசி இல்லை. நான் வேறு ஊரில் இருந்தேன். வீட்டில் துக்கம் என்பதால் யாரும் எதையும் விவரமாகப் பேசவில்லை, எனக்குத் தகவல் வந்தபோது மாதம் தாண்டிவிட்டது. நெகட்டிவ் என்று எழுதிய பேனாவால் இன்னொரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அடுத்த கர்ப்பத்தில் ஐசிடி பாசிட்டிவ். அதாவது அம்மாவின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கிற கூம்ஸ் பரிசோதனை. டைட்டர், அதாவது ஆன்டிபாடியின் அளவு, 32-ல் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது. அதற்கப்புறம் ஊசியால் ஒரு பயனும் இல்லை. ஆன்டிபாடி உருவாகாமல் தடுக்க மட்டுமே அதற்குத் தெரியும், உருவானதை அழிக்காது. சென்னைக்குக் கூட்டிப்போனோம். டாப்ளர் ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் நடு ரத்தக்குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ரத்தம் நீர்த்துப்போனால் வேகம் கூடும். குழந்தையைக் குத்தாமலே ரத்தசோகையைக் கண்டுபிடிக்கிற இந்த வழியை மாரி என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000-ல்தான் உறுதிப்படுத்தினார்கள். மதினிக்கு வேகம் கூடியது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடி ரத்தக்குழாயில் ஊசியை இறக்கி, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கே ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றினார்கள்.

பையன் இப்போது பிளஸ் டூ. நன்றாக இருக்கிறான். ஆனால் சில ஆயிரம் ரூபாய் ஊசி ஒன்று போட்டிருந்தால், அண்ணன் வயலை அடகு வைத்திருக்க வேண்டியதில்லை. அவள் தூங்காத இரவுகளுக்குக் கணக்கே இல்லை.

ஜூன் 9

நேற்று எழுதியதை ராத்திரி மறுபடி யோசித்தேன். கரு கலைந்தால் ஊசி என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். 12 வாரத்துக்குள் கலைந்தால் தேவையா என்பதில் இன்று மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. அந்தப் பருவத்தில் கருவின் ரத்தம் மிகக் குறைவு. கருக்கலைப்பு 12 வாரத்துக்குள் என்றால் ஆன்டி-டி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வழிகாட்டியது. நம் பக்கத்தில் பல மருத்துவர்கள் இன்னும் போடுகிறார்கள். உங்கள் மருத்துவர் எந்தப் பக்கமோ, நீங்கள் கேட்டுவிடுங்கள். 12 வாரத்துக்குப் பின் என்றால் இரண்டாம் பேச்சே இல்லை.

72 மணி நேரம் தாண்டிவிட்டால் விட்டுவிடவும் வேண்டாம். 10 நாள் வரை போட்டாலும் ஓரளவு பலன் உண்டு.

இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்போ, வீட்டுக்குத் தெரியாமலோ கரு கலைத்த பெண்கள் இருப்பார்கள். ஐசிடி எதிர்பாராமல் பாசிட்டிவ் என்று வந்து, "முன்னால் எதாவது உண்டா?" என்று மாமியார் முன்னிலையில் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? இதைப் படிக்கிற நர்ஸ் தங்கைகள் தனியாகக் கூட்டிப்போய்க் கேளுங்கள்.

ஜூன் 12

"எனக்கு ஓ பாசிட்டிவ், என் வீட்டுக்காரருக்கு பி பாசிட்டிவ். நெகட்டிவே கிடையாது. ஆனாலும் முதல் குழந்தைக்கே மறுநாள் மஞ்சள் வந்து லைட்டில் வைத்தார்கள். ஏன்?"

நல்ல கேள்வி. மேலே நான் எழுதியதெல்லாம் டி பற்றி. இது ஏபிஓ, அதாவது ஏ, பி, ஓ குரூப் பொருத்தமின்மை. ஓ குரூப்காரர்களிடம் ஏ-வுக்கும் பி-க்கும் எதிரான ஆன்டிபாடி சின்ன வயதிலிருந்தே இருக்கும், யார் ரத்தமும் கலக்க வேண்டியதில்லை. அதில் ஒரு பகுதி நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய ஐஜிஜி வகை. அதனால் முதல் குழந்தைக்கே வரலாம். ஆனால் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். குழந்தையின் சிவப்பணுவில் ஏ, பி அடையாளங்கள் இன்னும் முழுசாக முளைத்திருக்காது. உடம்பின் மற்ற செல்களிலும் அவை இருப்பதால் ஆன்டிபாடி அங்கங்கே சிதறிவிடும். வயிற்றிலேயே குழந்தை ஆபத்தாகும் நிலை மிக மிக அரிது.

தம்பியின் தங்கைக்கு இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. அவள் ஓ நெகட்டிவ், மாப்பிள்ளை ஏ பாசிட்டிவ். குழந்தை ஏ பாசிட்டிவ் என்றால், அதன் ரத்தம் அவளுக்குள் போனவுடனே அவளிடம் ஏற்கெனவே இருக்கும் ஏ-எதிர்ப்பு ஆன்டிபாடி அந்தச் செல்களை உடைத்துத் தள்ளிவிடும், டி-யை உடம்பு கவனிக்கவே விடாது. ஊசி இல்லாத காலத்திலேயே இப்படிப்பட்ட ஜோடிகளில் டி ஆன்டிபாடி நூற்றுக்குச் சுமார் 2 பேருக்குத்தான் வந்தது. ஒரு பொருத்தமின்மை இன்னொன்றிலிருந்து காப்பாற்றுகிறது! 1940-களிலேயே லெவின் இதைக் கவனித்திருந்தார். அதற்காக ஊசியை விட்டுவிடாதீர்கள். ஓ அம்மா, ஏ குழந்தை என்பதால் மறுநாள் மஞ்சள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 13

"காலை வெயிலில் காட்டினால் போதாதா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வெயிலுக்கும் மஞ்சளுக்கும் உறவு உண்டு. 1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில், ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனையில், ஜீன் வார்ட் என்ற சிஸ்டர் குறைமாதக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் மூலை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. பிறகு ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்த ட்யூபில், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் அளவு குறைந்திருந்ததையும் பார்த்தார்கள். 1958-ல் க்ரீமர் குழுவினர் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று நாம் "லைட்டில் வைப்பது" என்று சொல்வது அங்கே தொடங்கியது. ஒரு சிஸ்டரின் கண் கண்டுபிடித்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

ஆனால் அந்த லைட் நீல நிற ஒளி, உடம்பு முழுக்க, இடைவிடாமல், கண்ணை மூடிக் கட்டி. அந்தக் கண்கட்டோடு குட்டிப் பயல்கள் கடற்கரையில் ஓய்வெடுக்கிற சினிமா ஹீரோ மாதிரி கையை விரித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். ஜன்னல் வெயிலில் துணி சுற்றிப் பத்து நிமிடம் பிடிப்பது இதற்கு ஈடாகாது. சாதாரண மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாளில் வந்து தானே இறங்கும், அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரணம் இல்லை. வெயிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பிலிருபின் எல்லை மீறி மூளையில் படிந்தால் குழந்தை பால் இழுக்காது, சுருண்டு தூங்கும், பிறகு கீச்சென்று அழும், உடம்பை வில்லாக வளைக்கும். பிழைத்தாலும் காது கேளாமை, கை கால் கட்டுக்குள் இல்லாமை என்று வாழ்நாள் முழுக்க நிற்கும். பத்தியம் என்று அம்மாவைப் பட்டினி போடுவதும், குழந்தைக்குச் சீனித் தண்ணீர் கொடுப்பதும் இதற்கு மருந்தே இல்லை.

ஜூன் 19

ரத்த வங்கிப் பக்கத்திலிருந்து இந்த நோய் எப்படி இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

தொப்புள்கொடி ரத்தம் ட்யூபில் வரும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கிற சீரம் வெளிர்ந்த வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு அது அடர்மஞ்சளாக நிற்கும். டெஸ்டுக்கு முன்பே தெரிந்துவிடும். செல்களை சலைனில் மூன்று முறை கழுவி, கூம்ஸ் ரியேஜென்ட் விட்டு, மறுபடி சுற்றுவோம். ட்யூபின் அடியில் செல்கள் பட்டன் மாதிரி ஒட்டியிருக்கும். ட்யூபைச் சாய்த்து மெதுவாகத் தட்டினால் நல்ல குழந்தையின் செல்கள் புகையாகக் கரைந்து எழும்பும். அம்மாவின் ஆன்டிபாடி ஒட்டிய செல்கள் கரையாது, ஒரே கட்டியாகப் பெயர்ந்து வரும். 1945-ல் கேம்பிரிட்ஜில் கூம்ஸ், மூரண்ட், ரேஸ் மூவரும் கொண்டுவந்த பரிசோதனை, இன்றைக்கும் அதேதான்.

கட்டி பெயர்ந்தால் வார்டுக்குப் போன். லைட்டில் வைத்தும் மஞ்சள் அடங்கவில்லை என்றால் ரத்த மாற்று. 3 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதைப்போல் இரண்டு மடங்கு புது ரத்தம் வேண்டும். அம்மாவின் சீரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்து, எடுத்து சில நாட்களே ஆன ஓ நெகட்டிவ் தேடுவோம். நடு ராத்திரியில் ஓ நெகட்டிவ் கொடையாளிகளின் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் போன் செய்வோம். நம் நாட்டில் நெகட்டிவே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், அதில் ஓ எத்தனை இருக்கும்? தூக்கத்திலிருந்து எழுந்து பைக்கில் வந்து கொடுத்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனவர்களை நான் மறக்கவில்லை. அங்கே மருத்துவர் தொப்புள் ரத்தக்குழாயில் மெல்லிய குழாயை நுழைத்துக் கொஞ்சம் எடுப்பார், கொஞ்சம் விடுவார், சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் உள்ளே எவ்வளவு வெளியே எவ்வளவு என்று எழுதிக்கொண்டே இருப்பார். தொப்புள் வழியாக இதைச் செய்வதை 1940-களில் பாஸ்டனில் லூயிஸ் டயமண்ட் வழக்கமாக்கினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த போன் அடிக்கடி வரும். ஓய்வு பெறும்போது அரிதாகிவிட்டது. ஊசிதான் காரணம்.

ஜூன் 20

அந்த ஊசியை எதிலிருந்து செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து. டி ஆன்டிபாடி ஏராளமாக உள்ளவர்களின் தானத்திலிருந்து. லிவர்பூலில் ரொனால்ட் ஃபின்னும் சிரில் கிளார்க்கும், நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், பொலாக் மூவரும் ஒரே காலத்தில் தனித்தனியாக இதைக் கண்டார்கள். கிளார்க் பட்டாம்பூச்சிகளின் மரபியலை ஆராய்ந்தவர், அந்த வழியில்தான் ரத்த குரூப்புக்கு வந்தார். நியூயார்க் குழு முதலில் சிங் சிங் சிறைக் கைதிகளில் தானாக முன்வந்தவர்களிடம் பரிசோதித்தது.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் இருந்தார். 14 வயதில் மார்பில் பெரிய அறுவை சிகிச்சை, நிறைய ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர். 18 வயதானதும் கொடுக்க ஆரம்பித்து, 2018-ல் 81 வயதில் சட்டப்படி நிறுத்தச் சொல்லும் வரை 1,173 முறை கொடுத்தார். அவர் பிளாஸ்மாவிலிருந்து வந்த ஊசி 24 லட்சம் குழந்தைகளுக்கு உதவியது என்று அந்த நாட்டு ரத்த சேவை கணக்கிட்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில், 88 வயதில் காலமானார். ஊசிக்கே பயந்தவர், குத்தும்போது ஒருநாளும் கையைப் பார்த்ததில்லையாம்.

ஜூலை 2

பேச்சு சிவப்பணுவோடு நின்றுவிட்டது, அதனால் இது. அம்மாவின் ஆன்டிபாடி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் தாக்கலாம். அது முதல் குழந்தைக்கே, எச்சரிக்கை இல்லாமல் வரும், மூளையில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. பிறந்த குழந்தையின் உடம்பில் காரணம் தெரியாமல் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் தட்டணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அம்மாவிடம் ஆன்டி-ரோ என்ற ஆன்டிபாடி இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பின் மின்பாதை பழுதாகலாம். லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்களிடம் இது சகஜம், எந்த நோயும் தெரியாத பெண்ணிடமும் இருக்கலாம். இப்படிப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு 1 அல்லது 2 பேரின் குழந்தைக்கு வரும். ஐந்தாம் மாதத்தையொட்டி ஸ்கேனில் துடிப்பு மெதுவாகக் கேட்டால் அலட்சியம் செய்யக்கூடாது. ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இப்படி ஆகியிருந்தால் அடுத்த கர்ப்பத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை கொடுக்கிறார்கள். இது என் துறை இல்லை, வாத நோய் மருத்துவரைப் பாருங்கள்.

ஜூலை 3

தாய்ப்பால் கொடுக்கலாமா? தாராளமாக. பாலில் இருக்கும் ஆன்டிபாடியால் குழந்தையின் ரத்தம் உடையாது. நிறுத்தினால்தான் மஞ்சள் கூடும்.

ஜூலை 4

லைட்டில் வைத்து மஞ்சள் இறங்கியதும் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டு மருத்துவமனையை மறந்துவிடுகிறார்கள். அம்மாவின் ஆன்டிபாடி குழந்தைக்குள் சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும், ரத்தத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். என் மதினி பையனுக்கு ஆறாவது வாரத்தில் ஹீமோகுளோபின் சரசரவென்று இறங்கி மறுபடி ரத்தம் ஏற்றினார்கள். மஞ்சள் இல்லை, வெளுப்பு மட்டும்தான். பால் குடிக்கும்போதே களைத்துப்போய் விட்டுவிடுவான், நெற்றியில் வேர்வை. அதைப் பார்த்துத்தான் அண்ணனை விரட்டினேன். அதனால் ஹீமோகுளோபினை வாரா வாரம் அல்லது மருத்துவர் சொல்கிற இடைவெளியில் பாருங்கள்.

ஜூலை 15

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார், நிச்சயம் முடிந்துவிட்டது என்று. மிக்க மகிழ்ச்சி.

கூடவே அவருடைய நண்பர் ஒருவர்: "நானும் நெகட்டிவ், மனைவியும் நெகட்டிவ். ஊசி வேண்டுமா?" இருவரும் உண்மையாகவே நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ்தான், வேண்டியதில்லை. அத்தை மகள், மாமன் மகள் கல்யாணங்களில் இப்படி இருவரும் நெகட்டிவாக அமைவது மற்ற ஜோடிகளை விட அதிகம். ஆனால் கல்லூரி அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் இருக்கிற குரூப்பை நம்பாதீர்கள். முகாமில் ஓடு மேல் சொட்டு விட்டு அவசரமாகப் பார்த்தது, வாய்மொழியாகச் சொல்லி எழுதியது எல்லாம் அதில் உண்டு. டி பலவீனமாக உள்ளவர்கள் அந்த அவசரச் சோதனையில் நெகட்டிவ் என்று வந்துவிடுவார்கள். ரத்த வங்கியில் ட்யூப் முறையில், வீக் டி சேர்த்துப் பார்க்கச் சொல்லி, அந்தத் தாளை மனைவியின் தாய் சேய் அட்டைக்குள் வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஊசியைப் போட்டுவிடுங்கள்.